கூழைக்கடாவுக்குக் கொடுத்த சலுகை

அந்தக் குளத்தில் மீன் பிடிக்கும் பறவைகள் பத்து மீனுக்கு ஒன்றை வரியாகப் பாறைமேல் வைக்கும். வாய்க்காலைத் தூர்வாரும் நண்டுகளுக்கு அதுதான் கூலி.

ஒருநாள் கூழைக்கடா ஒன்று வந்து இறங்கியது. குளத்துத் தலைவரான ஆமை விழுந்தடித்துக்கொண்டு போய் வரவேற்றது.

"இங்கேயே கூடு கட்டுங்க. உங்க சொந்தக்காரங்களும் வந்தா குளம் செழிக்கும். மூணு மழைக்காலத்துக்கு உங்களுக்கு வரியே கிடையாது."

"அப்போ எனக்கு?" என்று கேட்டது கொக்கு.

"நீ எங்கேடா போயிடப் போறே?" என்றது ஆமை.

கூழைக்கடா மரத்தில் நாலு குச்சியை வைத்தது. பை பையாக மீனை அள்ளித் தின்றது. மூன்றாவது மழை ஓய்ந்ததும் பக்கத்து ஏரிக்குப் பறந்துவிட்டது. அங்கே ஐந்து மழைக்காலம் சலுகையாம்.

குளத்தில் மீன் குறைந்துபோனதால் கொக்கு வைத்த மீன் கூலிக்குப் போதாமல் நண்டுகள் ஒவ்வொன்றாய் வெளியேறின. வாய்க்கால் தூர்ந்துபோய்க் குளம் பாதியானது.

ஒரு காலை, கொக்கு வருவதைக் கண்ட ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. தலைவர் தூங்குகிறார் என்று நினைத்த கொக்கு, ஒரு பொடி மீனைச் சத்தமில்லாமல் பாறைமேல் வைத்தது. மிச்சமிருந்த ஒற்றை நண்டிடம் மெதுவாகச் சொன்னது:

"பெரிசா ஒண்ணும் கிடைக்கல. தலைவர் எழுந்ததும் சொல்லிடு, என்னைத் தப்பா நினைச்சுக்கப் போறார்."

ஓட்டுக்குள் ஆமை விழித்துக்கொண்டுதான் இருந்தது.