பெயருக்கு முன்னால்

"மச்சான் இண்டைக்குமா திருத்தினார்?" என்று கேட்டபடி றிஸ்மினா வைத்த பிளேன்டீக் கோப்பை மேசையில் சிந்தியது.

"பாத்து வை. ஓம், திருத்தினார். தலைப்புக்குக் கீழ ஒரு வரி வெறுமையா விடோணுமாம். பட்டியலுக்கு நட்சத்திரம் வேணாமாம், சின்னக் கோடுதான் போடோணுமாம்."

ஹஃபீலா லேப்டாப்பைத் தங்கையின் பக்கம் திருப்பினாள். திறந்த மூல மென்பொருள் ஒன்றின் தமிழ்க் கையேடு அது. அவள் எழுதுவாள், கணவன் ஹுனைஸ் திருத்துவான். கல்யாணம் முடித்த நாளிலிருந்தே அப்படித்தான்.

"அவருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்" என்றபடி முதல் பக்கத்துக்குப் போனாள். எழுதியவர்களின் பெயர்கள் அங்கே இருந்தன. ஹுனைஸ் என்பதற்கு முன்னால், இறந்தவர்களுக்குப் போடும் 'மர்ஹூம்' என்பதைச் சேர்த்தாள்.

அவன் களப்பில் மூழ்கி இறந்ததிலிருந்து அவள் விதவைக்குரிய இத்தா நாட்களில் வெளியே போகாமல் இந்த அறைக்குள்ளேயே இருக்கிறாள். அவன் எழுதி வைத்துப்போன புரோகிராம் ஒன்று அவளுடைய பக்கங்களைத் தானாகத் திருத்திக்கொண்டிருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே 'மர்ஹூம்' மறைந்தது. கீழே ஒரு குறிப்பு வந்தது.

"மற்றப் பேருகளுக்கு முன்னால ஒண்டும் இல்லயே. ஒரே மாதிரி இருக்கட்டும், புள்ள."

ஹஃபீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்கும் எழுதி வச்சிருக்கார், பாத்தியா?"

றிஸ்மினா கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, நீங்க அழுறதப் பாக்கேலாம அந்தப் புரோகிராமை நான் நேத்தே அழிச்சிட்டன்."