தடவிக்கொடுத்த கை

அது தொண்ணூற்றெட்டா, அடுத்த வருடமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் எழிலன் புதிதாகச் சேர்ந்திருந்தான். அந்த ஊரில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. அதனால் மேனேஜர் வரதன், "பிரமாதம்ப்பா! அமெரிக்கா புராஜெக்டுக்கு உன்னைத்தான் நினைச்சிருக்கேன்" என்று முதுகைத் தடவிக்கொடுத்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கேண்டீனில் சீனியர் சுந்தரம் வழக்கம்போலத் தயிர்சாத டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருந்தார். ஆபீஸே அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். எழிலன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான்.

"தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் தடவினாரா?"

"ஆமா சார்."

"அது பாராட்டு இல்லப்பா. சட்டைக்குள்ள பூணூல் இருக்கான்னு பார்த்திருக்கார். இனி உன்னை அனுப்பமாட்டார்."

எழிலன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். "உங்களுக்கென்ன சார், பிறக்கும்போதே பாஸாயிட்டீங்க."

சுந்தரம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காலரை விலக்கிப் பூணூலைக் காட்டினார்.

"கடையில வாங்கி நானே மாட்டிக்கிட்டது. எங்கப்பா இதே ஊர்ல, ஸ்ரீராம்புரத்துல தெரு கூட்டினவர். இப்ப அங்க அம்மா மட்டும்தான். ஆபீஸ்காரன் எவனாவது பார்த்துடுவான்னு நான் அந்தப் பக்கமே போறதில்ல. உனக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"வேணாம் சார். அம்மாவோட அட்ரஸ் மட்டும் குடுங்க."

அமெரிக்காவுக்குச் சுந்தரம்தான் போனார், திரும்பி வரவில்லை. வரதன் டைரக்டர் ஆனார். எழிலன் வேறு கம்பெனிக்கு மாறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீராம்புரம் போய்வந்தான். சுந்தரத்தின் அம்மா இறந்தபோது குழியில் முதல் பிடி மண் போட்டது அவன்தான்.