இரண்டாவது கூண்டு

கதவு படாரென்று திறந்தது. ஆய்வகத் தலைவர் நின்றிருந்தார்.

“உன் இலை மருந்து கொடுத்த எலிகளுக்குப் புற்றுக்கட்டி கரைஞ்சிருக்கு. வெறும் தண்ணி கொடுத்த ரெண்டாவது கூண்டுலயும் கரைஞ்சிருக்கு. அப்போ உன் மருந்துக்கு என்னம்மா வேலை? இந்த ஆராய்ச்சியை இன்னியோட மூடிடு.”

அவர் போனதும் ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்தாள். இலைச்சாற்றைக் கொழுப்புத் துளிக்குள் அடைத்து, புற்றுக்கட்டிவரை கொண்டுசேர்க்கவே அவளுக்கு ஆறு வருடம் பிடித்திருந்தது.

எலிகளுக்குத் தீனி வைக்கும் அக்கா டீயை நீட்டினாள்.

“ரெண்டு கூண்டும் பொழைச்சதுக்கா இந்த மூஞ்சி?”

“ரெண்டாவது பொழைச்சிருக்கக் கூடாதுக்கா.”

“அடிப்பாவி, அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? உன் ஓரவஞ்சனை பொறுக்காமத்தான், தினம் பாட்டில்ல மிஞ்சின மருந்தை அதுங்க தண்ணியில கலந்துவிட்டேன்.”