வருத்தம் தெரிவிக்கும் ஏ.ஐ.

“வாஷிங் மெஷின் ஓடலைன்னு ஒரு வாரமா அந்தக் கம்பெனி ஏ.ஐ.கிட்ட கத்தறேன். ‘வருந்துகிறோம்’கிறதைத் தவிர ஒரு எழவும் தெரியலை அதுக்கு! எது கேட்டாலும் ஒரே பதில், அசல் உங்களை மாதிரியே!”

மனைவி போனைக் கட்டிலில் வீசினாள். கணவர் குளியலறையில் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். மெஷின் படுத்த நாளிலிருந்து துவைப்பது அவர் பொறுப்பு. இடுப்பு இன்னொரு போர்வையைத் தாங்காது.

“திட்டினா அதுக்கு என்னம்மா புரியும்? எப்ப வாங்கினோம், என்ன கெட்டுச்சு, ரிப்பேர்காரர் என்ன சொன்னார், உனக்கு என்ன வேணும், எல்லாத்தையும் விவரமாச் சொல்லு.”

“புது மெஷின்தான் வேணும்னு கேப்பேன். குடுக்காம எங்க போயிடும், பாக்கறேன்!”

“தாராளமாக் கேளு” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் அவள் விவரமாகக் கேட்டாள். ‘புது மெஷின் நாளை வந்து சேரும்’ என்று ஏ.ஐ. உடனே பதில் அனுப்பியது.

அடுத்த நிமிடமே கணவரின் மேஜை முன்னால் மேனேஜர் வந்து நின்றார்.

“யோவ், யாரைக் கேட்டு புது மெஷின் குடுத்தே? யார் என்ன கேட்டாலும் ‘வருந்துகிறோம்’னு மட்டும்தானே டைப் அடிக்கச் சொன்னேன்? பதில் சொல்றது ஏ.ஐ.ன்னு ஜனங்க நம்பிட்டிருக்காங்க. ஏ.ஐ.க்கு எதுக்குய்யா இரக்கம்?”

“இரக்கம் இல்லை சார், இடுப்பு வலி. அது எங்க வீட்டு மெஷின்.” அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. நாளையிலேருந்து உங்க ஏ.ஐ.க்கு யார் டைப் அடிக்கறாங்கன்னு பாத்துடலாம்!”