கடைசிப் பூட்டு

சுவிட்ச் பெட்டியில் ஒரே ஒரு பூட்டுதான் பாக்கி. அது காலேஜின் பூட்டு.

சோப்புத்தூள் ஆலையில் அந்தப் பையனுக்குக் 'காலேஜ்' என்றுதான் பெயர். இன்ஜினியரிங் கடைசி வருடம். பயிற்சிக்கு வந்தவன், இன்றோடு பயிற்சி முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்வதா, கைகுலுக்கி வழியனுப்புவதா என்று மேனேஜர் சாயங்காலம் சொல்லவேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் வேலை உத்தரவோடு நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறார்கள். இவனுக்கு நேர்காணல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சு வராது, கைவேலை வரும். அதை முதன்முதலாகக் கவனித்தவர் இந்த மேனேஜர்தான். நேற்று ஏறக்குறைய தலையாட்டியும் விட்டார்.

அந்த 'ஏறக்குறைய' அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பெரியம்மா, சித்தி, அத்தை ஒருவர் விடாமல் போனில் அறிவித்துவிட்டாள்.

"சாவி எங்கப்பா?" என்றார் சூப்பர்வைசர்.

காலேஜ் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். பேனாவும் கைக்குட்டையும் வந்தன. பேன்ட் பைக்குள் விட்டான். கசங்கிய பஸ் டிக்கெட் வந்தது.

அந்த ஆலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய கலவை டிரம்மைப் பழுதுபார்க்கத் திறந்தால், அதில் கைவைக்கிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் கரண்ட். மாற்றுச் சாவி என்ற பேச்சே கிடையாது. பூட்டுப் போடாமல் டிரம்முக்குள் தலையை நீட்டினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். எத்தனை வருட சர்வீஸ் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

மற்ற எல்லோரும் கழற்றியாயிற்று. சரக்கு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. மேனேஜரும் இறங்கி வந்துவிட்டார்.

அவர் கத்துகிறவர் அல்ல. கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் ஆளைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

காலேஜ் செல்போன் உறையைப் பிரித்துப் பார்த்தான். ஒற்றைக் கையாலேயே ஷூவைக் கழற்றி உதறினான். உதறும்போதே கண் டிரம் பக்கம் ஓடியது, மறுபடி மேனேஜரிடம் வந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. சுடு மணலில் நிற்கிறவன் மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"நாலு வருஷம் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு சாவிய வச்சுக்கத் தெரியல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே சிரிப்பு.

காது சிவந்தது அவனுக்கு. ஆனாலும் தேடினான். தேடிய பையையே மறுபடி தேடினான்.

மேனேஜர் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார். "கட்டர் எடுத்துட்டு வாங்க. வெட்டிடலாம்."

காலேஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேணாம் சார்! பின்னாடி எங்கயாவது விழுந்திருக்கும். இதோ வந்துடறேன் சார்!"

பதிலுக்குக் காத்திராமல் ஓடினான்.

டிரம்முக்குப் பின்னால் போய் மண்டியிட்டான். பக்கத்து லைன் ஓடுகிற இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. எழுந்து டிரம்மின் தகட்டை மூடிய கையால் குத்தினான். மறுபடி, இன்னும் பலமாக.

"ஏம்ப்பா, தட்டினா சாவி கதவத் திறந்துட்டு வருமா?" என்று இந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் கத்தினார். சிரிக்காத மேனேஜரே சிரித்துவிட்டார்.

ஸ்டோர்காரர் கட்டரோடு வந்தார். அதன் வாய் பூட்டு வளையத்தைக் கவ்வப் போகிற நேரத்தில் காலேஜ் மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே விழுந்தான்.

"கிடைச்சிருச்சு சார்."

முழங்கால் இரண்டிலும் அழுக்கு. பூட்டைத் திறந்து கழற்றினான்.

சுவிட்சைப் போட்டார்கள். டிரம் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஆட்கள் கலைந்து போனார்கள்.

மேனேஜர் மட்டும் போகவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நல்ல பையன்தான் நீ. ஆனா வேலைக்கு இன்னும் தயாராகலப்பா. உன் சாவியையே பாத்துக்கத் தெரியல, உன்ன நம்பி மெஷின எப்படி விடறது?"

தோளில் தட்டிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி சார்" என்றான் காலேஜ், அவர் போன பிறகு.

டிரம்முக்குப் பின்னாலிருந்து, மெஷின் பழுதுபார்க்கிற ஃபிட்டர் அண்ணன் மெதுவாக வந்தார். புருவம் வரை சோப்புத்தூள். ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குடா பூட்டு என்று எப்போதும் கேட்கிறவர். அடுத்த வருடம் ஓய்வு பெற வேண்டியவர். அவருடைய பூட்டு காலையிலிருந்து அவர் இடுப்புக் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

தன் பூட்டைத் திறக்கப் போன நேரத்தில்தான் காலேஜ் அதைப் பார்த்திருந்தான்: டிரம்மின் பின்வாய்க்குள் ஒரு ஜோடி ஷூ நுழைந்து மறைவதை. சாவியோடு அப்போது மூடிய வலது கையை, அவர் வெளியே வரும்வரை அவன் திறக்கவே இல்லை.

அண்ணனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "வீட்டுல என்னடா சொல்லப் போற?"

"சாவி தொலஞ்சிருச்சுன்னுதாண்ணே."