நேற்று பாடியவர்

எப்போதும் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பும் வீட்டுக்காரர் ஏகாம்பரம் நேரிலேயே மாடியேறி வந்ததும் பாட்டு டீச்சர் புனிதா அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேங்கிக்காலில் பாட்டு வகுப்புக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

“இந்த மாசத்தோட காலி பண்ணுங்கன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். காலைல பசங்க கத்துதுங்க. சாயங்காலம் உங்ககிட்ட படிக்க வர்ற அந்த பேங்க் மேனேஜர் கத்துறாரு. நடுநடுவுல நீங்க வேற.”

“சார்...”

“இருங்க. நேத்து சாயங்காலம் ஒருத்தர் பாடினாரே, ஆகா! மூணு மணி நேரம், மூச்சு வாங்காம ஒரே இழுப்பு. ஒரு இடத்துல பிசகல. ஈசிசேர்ல அப்படியே தூங்கிட்டேன். யாரும்மா அவரு?”

புனிதா திருதிருவென விழித்தாள். நேற்று பௌர்ணமி. வகுப்புக்கு லீவு விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிரிவலம் போயிருந்தாள்.

“அவரு பாடுறதா இருந்தா எத்தினி வருஷம் வேணா இருங்க.”

“தினமும் பாடச் சொல்றேன் சார்.”

கிரிவலம் போகிற அவசரத்தில் அவள் அணைக்க மறந்து, திரும்பி வந்து நிறுத்திய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பாதிப் படி இறங்கிய ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார்.

“அப்படியே உங்களுக்கும் ரெண்டு பாட்டு சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க!”