துளை டாக்டர் தட்டிக் கழித்த கேஸ்

“இதை நான் செய்யறதுக்கில்லம்மா. எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.”

துளை டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டு நீட்டினார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பொத்தான் அளவுக்கு இரண்டு மூன்று துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, மூட்டைச் சரிசெய்து அனுப்பிவிடுவார் என்பதால்தான் அவருக்கு அந்தப் பேர். அவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்து வந்திருந்தார்கள்.

மகள் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர். இடுப்பு மூட்டில் எலும்பு மேடாக வளர்ந்து, குனிந்தால் இடித்தது. பாய்ந்து பந்தைப் பிடித்தவள், இப்போது செருப்பு மாட்டவே சுவரைப் பிடித்தாள்.

“இவ கூட விளையாடற பொண்ணுக்கு நீங்கதானே செஞ்சீங்க? நாலே மாசத்துல ஓட ஆரம்பிச்சுட்டாளே!”

“அவளுக்கு முன்பக்கம் மட்டும்தான் மேடு. இவளுக்குப் பின்பக்கம் வரைக்கும் சுத்தி வந்திருக்கு. துளை வழியாப் போனா அங்க சரியா எட்டாது. திறந்துதான் செய்யணும். அதுல எதிர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கைதேர்ந்தவங்க.”

வெளியே வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள்.

“சுலபமான கேஸ்னா கட்டிப் பிடிச்சுக்குவாரு. கொஞ்சம் சிக்கல்னா கை கழுவிடுவாரு. எல்லாம் பேர் கெட்டுடும்கிற பயம்!”

“மெதுவா பேசும்மா, அவர் காதுல விழப் போகுது.”

“விழட்டுமே!”

எதிர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமும் அதே பாட்டைப் பாடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்றார்.

“தையல்.”

“சட்டைக் கை சரியா உட்காரலேன்னா என்ன செய்வீங்க?”

“ஒரு பக்கம் மட்டும் இழுத்தா, அங்கயே லேசா ஒரு தையல் போட்டுச் சமாளிக்கலாம். அக்குள் சுத்திப் பிடிச்சா, பிரிச்சுத்தான் தைக்கணும்.”

“இதுவும் அப்படித்தான். ஒரு சாண் தழும்பு விழும். எலும்பை வெட்டித் திறந்து, திருகு போட்டு மூடணும். ஊன்றுகோலோட நடக்கற நாளும் கூடும். ஆனா மேடு முழுக்கக் கண் முன்னால இருக்கும்.”

அம்மா யோசிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “பிரிச்சே தைச்சிடுங்க டாக்டர். நான் மறுபடி பந்து பிடிக்கணும்.”

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். பதினொன்றரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார்.

“நல்லபடியா முடிஞ்சது. மேட்டைச் செதுக்கியாச்சு. அது இடிச்சுக் கிழிஞ்சிருந்த மூட்டு விளிம்பையும் தைச்சாச்சு. அடுத்த வருஷம் கோல்ல நிப்பான்னு நம்பறேன்.”

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லேன்னா, அந்த மனுஷன் எங்களை நட்டாத்துல விட்டிருப்பாரு.”

“மூணு மணி நேரமா உங்க பொண்ணு காலைத் தாங்கிப் பிடிச்சது என் அசிஸ்டெண்ட்தான். அவருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுங்க.”

பின்னாலேயே வந்தவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

துளை டாக்டர்!

அம்மா சட்டென்று டாக்டரம்மாவின் கைகளை விட்டாள்.

“நாலு மாசமா, வியாழக்கிழமை வந்தா தன் ஆபரேஷனை எல்லாம் தள்ளி வச்சுட்டு இங்க வந்து நின்னுடறார்,” என்றார் டாக்டரம்மா.

துளை டாக்டர் கூச்சத்தோடு சிரித்தார்.

“திறந்து செய்யறது எனக்கு இன்னும் சரியாக் கைவரலம்மா. இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கேன். பழகறதை உங்க பொண்ணு கால்லயா பழக முடியும்?”